அட்டைநாட்டுக் காசு

நீதிமன்ற உரைபெயர்ப்பாளர் நியமனம் கிடைத்ததும் உங்களில் சிலர் என்னைப் பார்க்க வருகிறீர்கள். சட்டச் சொற்களுக்குப் பட்டியல் ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். அது அலுவலகத்திலேயே கிடைக்கும். பிணைக்கும் விளக்கமறியலுக்கும் சிங்களத்தில் என்ன சொல் என்பதெல்லாம் கொஞ்ச நாளில் நாக்குக்குப் பழகிவிடும். உங்களைக் கவிழ்க்கப்போவது பெரிய சொற்கள் அல்ல, ‘சரிங்க’ மாதிரியான சின்னச் சொற்கள்.

நம் தோட்டத்து ஆட்கள் ‘சரிங்க’ என்றால் நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்று அர்த்தம். ஒப்புக்கொண்டதாக அர்த்தமில்லை. குற்றவாளியா, குற்றமில்லாத சுற்றவாளியா என்று கேட்கும்போதும் அதையேதான் சொல்வார்கள். நானும் அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள் என்பதால் அது எனக்குத் தெரியும். ஆனாலும், எனக்குத் தெரிந்ததை வைத்து அவர்களுக்காக நானே பதில் சொல்லிவிடக் கூடாது. “கனம் ஐயா, இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. அவரிடமே கேட்டுச் சொல்ல அனுமதி வேண்டும்” என்று மேசையைப் பார்த்துக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்கும்போது மன்றம் முழுவதும் உங்களைத் திரும்பிப் பார்க்கும். சட்டத்தரணி பெருமூச்சு விடுவார். விட்டுப் போகட்டும்.

இப்போது நான் சொல்லப்போவது ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன் நடந்தது. என் வேலையில் நான் மிகவும் மதித்த ஒரு சாட்சியைப் பற்றியது.

தனபால் என்ற இளைஞனை மொனராகலைப் பாதையில் பொலிஸார் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கைது செய்திருந்தார்கள். மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. பதுளை டவுனில் ஒரு லேத் பட்டறையில் வேலை. கரும்பு ஆலை ஒன்றில் இயந்திரம் பூட்டப் போய்க்கொண்டிருந்தான். அவனுடைய பையில் கடப்பாரை மாதிரியான அலவாங்கு, உளி, சுத்தியல் எல்லாம் இருந்தன. அவற்றுக்கு நடுவே, துணியில் சுற்றிய ஒரு பழைய பித்தளைக் காசும் இருந்தது.

அந்தப் பக்கம் புதையல் தோண்டுகிறவர்கள் தொல்லை அதிகம். அலவாங்கும் பழங்காசும் ஒரே பையில் இருந்தால் பொலிஸ் என்ன நினைக்கும்? நானாக இருந்தாலும் அதையேதான் நினைத்திருப்பேன். இது போதாதென்று, யாருடைய காசு என்று கேட்டதற்கு, தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் “எங்கள் நாட்டுக் காசு” என்று சொல்லி வைத்திருக்கிறான்.

மன்றத்தில் முதல்முறை நிறுத்தியபோது அந்தக் காசை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். பச்சை பூத்துப்போய், விளிம்பு தேய்ந்திருந்தது. ஒரு பக்கத்தில் வளைந்து நெளியும் ஏதோ ஒரு பிராணி. மறுபக்கத்தில் கூரை வைத்த ஒரு கட்டிடம். சுற்றிவர நான் எங்கேயும் பார்த்திராத எழுத்துகள். தொல்பொருள் அதிகாரி தன்னுடைய முதல் அறிக்கையில், பாம்பு வழிபாட்டுச் சின்னமாக இருக்கலாம், எழுத்து அடையாளம் காணப்படாதது, மேலும் ஆராய வேண்டும் என்று சொல்லியிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. வேலைப்பாடு அவ்வளவு நன்றாக இருந்தது.

நீதவான் தனபாலைப் பார்த்து, “எந்த நாட்டுக் காசு?” என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

“தங்கச்சி வகுப்புல செஞ்ச நாடுங்க. அவ ஸ்கூல்ல புள்ளைங்க எல்லாம் சேந்து ஒரு நாடு செஞ்சாங்க. நான் பட்டறையில வச்சு காசு ஊத்திக் குடுத்தேன்.”

அவன் சொன்னதைச் சொன்னபடியே சிங்களத்தில் சொன்னேன். பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். வழக்கை நடத்திய பொலிஸ் சார்ஜன் சிரிக்கவில்லை. வகுப்பில் நாடு செய்வதாவது, இது முழுப் பொய் என்றார். விசாரணை முடியும்வரை தனபால் விளக்கமறியலுக்குப் போனான். அவனுடைய அம்மா கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து நேரே வந்திருந்தவள், மன்றத்து வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, எம்புள்ள என்னதான் சொன்னான்? நீங்க என்ன சொன்னீங்க?”

“அவன் சொன்னதத்தான் சொன்னேங்க.”

“அப்பறம் ஏன் சிரிச்சாங்க?”



அடுத்த தவணைக்குப் பரீதா டீச்சர் வந்தார். பண்டாரவளையில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பெண். மடுல்சீமைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பித்தவர். இடமாற்றம் கிடைத்து மொனராகலைப் பக்கம் போயிருந்தார். வகுப்பில் நாடு செய்ய வைத்தவர் அவர்தான். பிரிந்துபோன டீச்சருக்குப் பிள்ளைகள் அனுப்பிய பரிசுதான் அந்தக் காசு. மொனராகலைக்கு வேலையாகப் போகிற தனபாலிடம் தங்கச்சி ஷாலினி கொடுத்து விட்டிருக்கிறாள். விஷயம் டீச்சருக்குக் காதில் விழுந்ததும், யாரும் அழைக்காமலே, முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டார்.

தனபாலுக்காக இலவசமாக ஆஜரான சட்டத்தரணி இளவயதுக்காரர், நல்ல மனசுக்காரர். வழக்கு தொடங்கும் முன் நடைபாதையில் என்னிடம் வந்தார்.

“மிஸ், டீச்சர் ‘நாடு’ன்னு சொல்லும்போது நீங்க சிங்களத்துல ‘ஊர்’னு சொல்லிடுங்களேன். பையன் சொன்னப்ப சிரிச்சாங்க, டீச்சரே சொன்னா சிரிக்க மாட்டாங்க. நம்ம ஆளுங்க ஒரு நாடு செஞ்சோம், தனி எழுத்து, தனிக் காசுன்னு சொன்னா எப்படி எடுத்துக்குவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? புதையல் கேஸ் வேற கேஸாயிடும். டீச்சர் வேலையும் போயிடும்.”

“அவங்ககிட்ட சொன்னீங்களா?”

“சொன்னேன். கேக்க மாட்டேங்குறாங்க.”

டீச்சர் அங்கேதான் நின்றிருந்தார். பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. குரலில் தெரியவில்லை.

“தம்பி, புள்ளைங்ககிட்ட நான் நாடுன்னு சொல்லித்தான் செய்ய வச்சேன். இப்ப நானே ஊருன்னு மாத்திச் சொன்னா, அவங்க செஞ்சது ஏதோ தப்புன்னு ஆயிடும். அவங்க உள்ள உக்காந்து கேக்கப் போறாங்க.”

சட்டத்தரணி என்னைப் பார்த்தார். “என்னால முடியாது தம்பி,” என்றேன்.  ஒரு சொல்லைக் கொஞ்சம் மழுக்கிவிட்டால் ஒரு பையன் வீட்டுக்குப் போவான் என்று தோன்றும் நாள் உங்களுக்கும் வரும். கெட்ட எண்ணத்தோடு யாரும் உங்களைப் பிறழச் சொல்ல மாட்டார்கள். இப்படி நல்ல எண்ணத்தோடுதான் கேட்பார்கள். ஒன்றை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். அந்த மன்றத்தில் இரண்டு மொழியும் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்று எண்ணிவிடாதீர்கள். யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்கும். ‘நாடு’ என்பதை நீங்கள் ‘ஊர்’ ஆக்கியது வெளியே வந்தால், அதற்குப் பிறகு அந்தச் சாட்சி சொன்ன உண்மைகூட உங்கள் வாயால் பொய்யாகிவிடும்.

டீச்சர் கூண்டில் ஏறினார். அவருக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும் என்று நீதவானுக்குத் தகவல் போயிருந்தது. சிங்களத்திலேயே சொல்கிறீர்களா என்று நீதவான் கேட்டார்.

“எனக்கு சிங்களம் தெரியும் ஐயா. ஆனா இந்தப் பையனோட அம்மாவும் என்னோட புள்ளைங்களும் இங்க இருக்காங்க. நான் என்ன சொல்றேன்னு அவங்களுக்கும் தெரியணும். தமிழ்ல சொல்ல அனுமதி வேணும்.”

அனுமதி கிடைத்தது. டீச்சர் சொல்லத் தொடங்கினார்.

“பழைய நாகரிகங்கள் பத்தி பாடம் எடுத்தேன். புள்ளைங்களுக்குத் தூக்கம் வந்துடுச்சு. சரி, நீங்களே ஒரு நாடு செய்ங்கன்னு சொன்னேன். எங்க இருந்துச்சு, என்ன சாப்பிட்டாங்க, எப்படி எழுதினாங்க, காசுல என்ன போட்டாங்க, எல்லாத்தையும் நீங்களே யோசிங்கன்னு சொன்னேன்.”

நாடு என்று அவர் சொன்ன இடத்தில் நாடு என்றே சொன்னேன்.  சார்ஜன் எழுந்தார்.

“யாருடைய தலைமையில் அந்த நாடு?”

“ராஜா இல்லை. யார் தலைய காசுல போடுறதுன்னு புள்ளைங்களுக்குள்ள ஒத்துப்போகல. மிருகம் போடலாம்னு சொன்னேன். ஒருத்தன் சிங்கம்னான். ஒருத்தன் புலின்னான். அதுலயும் சண்டை.”

அந்த இரண்டு மிருகங்களையும் இந்த நாட்டு நீதிமன்றம் ஒன்றில் ஒரே மூச்சில் சொல்வது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சிங்கத்தைச் சொன்னேன். புலியையும் சொன்னேன். 

“அப்பத்தான் ஷாலினி எந்திரிச்சு, அட்டைய போடலாம் டீச்சர்னா. எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க.”

இங்கே நான் நின்றேன். அட்டை என்றால் காகித அட்டையும் உண்டு, காலில் ஏறுகிற அட்டையும் உண்டு. காசோடு சேர்த்துச் சொன்னதால் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அனுமதி வாங்கிக்கொண்டு கேட்டேன்.

“எந்த அட்டைங்க டீச்சர்?”

“ரத்தம் குடிக்கிற அட்டைதான். எங்க நாட்டுக்கு யார் வந்தாலும் மொதல்ல வரவேற்கிறது அதுதானேன்னு சொன்னா ஷாலினி. நாட்டுக்கு அட்டைநாடுன்னே பேர் வச்சுட்டாங்க.”

அதைச் சிங்களத்தில் சொல்லி முடிப்பதற்குள் நீதவான் கைக்குட்டையை எடுத்து வாயை மூடிக்கொண்டார். தொல்பொருள் அதிகாரியும் அன்று வந்திருந்தார். அவர் காசைக் கையில் எடுத்து, பாம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தலை எது வால் எது என்று தெரியாமல், இரண்டு பக்கமும் வாய் வைத்து அச்சில் செதுக்கியிருந்தாள் ஷாலினி. அதிகாரி தனக்குள்ளேயே தலையாட்டிக்கொண்டார்.

“மறுபக்கத்தில் இருப்பது கோயிலா?” என்று கேட்டார் நீதவான்.

“வீடு ஐயா. பக்கத்துல ஒட்டின வீடு இல்லாத வீடு. தோட்டத்து லயத்துல ஒரு வீட்டுச் சுவர்தானே அடுத்த வீட்டுச் சுவரும். அட்டைநாட்டுல எல்லாருக்கும் தனி வீடுன்னு சட்டம் போட்டாங்க. அதான் ரெண்டு பக்கமும் வெத்து இடம் விட்டிருக்காங்க.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. இதைச் சிங்களத்தில் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் இறங்கியது. இறங்கக் கூடாது. சாட்சியின் குரல் இறங்கவே இல்லை, நான் ஏன் இறக்க வேண்டும்? அடுத்த வாக்கியத்தில் சரிசெய்துகொண்டேன்.

சார்ஜன் இலேசுப்பட்டவர் அல்ல. அவர் கேட்டது நியாயமான கேள்வி. “பட்டறை முதலாளி, காசு ஊற்றியதைத் தான் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். இது உண்மையான பழங்காசாக இருந்து, அதைப் பார்த்து வகுப்பில் கதை கட்டியிருக்கலாம் அல்லவா? இந்த எழுத்தைப் பிள்ளைகள்தான் உண்டாக்கினார்கள் என்பதற்கு என்ன அத்தாட்சி?”

நீதவான் காசை வாங்கி அந்த எழுத்தைப் பார்த்தார். பிறகு, ஷாலினி எங்கே என்று கேட்டார். சாட்சி சொல்ல வேண்டி வரலாம் என்பதால் அவளை வெளியே உட்கார வைத்திருந்தார்கள். நல்லது, அவள் அங்கேயே இருக்கட்டும் என்றார். ஒரு வெள்ளைத் தாளை டீச்சரிடம் கொடுக்கச் சொன்னார். மன்றத்தைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். எங்கள் கட்டிடத்தில் பூனைகள் அதிகம். அவற்றில் ஒன்று ஜன்னல் கட்டையில் சுருண்டு கிடந்தது.

“ஜன்னலில் பூனை தூங்குகிறது. இதை அவர்களுடைய எழுத்தில் எழுதச் சொல்லுங்கள்,” என்றார் என்னிடம், தாழ்ந்த குரலில்.

நான் டீச்சரிடம் தமிழில் சொன்னேன். அவர் எழுதினார். சின்னச் சின்னப் படங்கள் மாதிரி ஒரு வரி. எழுதி முடித்ததும் அவரைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொன்னார் நீதவான். பிறகு ஷாலினியைக் கூப்பிட்டார்கள்.

பள்ளிச் சீருடையில் வந்தாள். தலையில் எண்ணெய் வைத்து வாரி, இரட்டைப் பின்னல். அண்ணனைப் பார்த்ததும் ஓர் அடி அவன் பக்கம் வைத்தாள். அழவில்லை. தாளை அவள் கையில் கொடுத்து, இதை வாசி என்று நான் சொன்னேன்.

விரலை வைத்து வாசிக்கத் தொடங்கினாள். “ச... ன்... ன...” என்றவள் நின்றுவிட்டாள். மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். மறுபடியும் அதே இடத்தில் நின்றாள். தாளைச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

அந்த வாக்கியம் எனக்குத் தெரியும். ஜன்னல் பக்கம் என் கண் ஒருமுறை போய் வந்தால் போதும், பிடித்துக்கொண்டிருப்பாள். சட்டத்தரணி நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தனபாலின் அம்மா சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் என் கால்விரல்களைப் பார்த்தேன். என் வேலைக்காலத்தில் நான் செய்த மிகக் கடினமான காரியம் அதுதான். ஒன்றுமே செய்யாமல் நின்றது.

“தெரியவில்லையா?” என்றார் நீதவான். நான் அதைத் தமிழில் கேட்டேன்.

“தெரியுதுங்க. ஆனா டீச்சர் பிழையா எழுதியிருக்காங்க.”

“என்ன பிழை?”

“எங்க எழுத்துல ‘ல’ன்னா லயம் மாதிரி வரையணும், ரெண்டு கதவு. ‘ள’ன்னா மூணு கதவு. டீச்சர் இங்க ஒரு கதவு கூடப் போட்டுட்டாங்க. ‘சன்னள்’னு இருக்கு. அப்படி ஒரு வார்த்தை இல்லீங்களே. சன்னல்னுதான் இருக்கணும். சன்னல்ல பூனை தூங்குது. அதாங்க எழுதியிருக்கு.”

சொல்லிவிட்டு, டீச்சர் திட்டுவாரோ என்று அவருடைய முதுகைப் பார்த்தாள்.

நான் எல்லாவற்றையும் சிங்களத்தில் சொன்னேன். கதவையும் பிழையையும் பூனையையும் விடவில்லை. நீதவான் சொன்ன வாக்கியம், சிங்களத்திலிருந்து தமிழுக்கும், தமிழிலிருந்து அட்டைநாட்டுக்கும் போய், வந்த வழியே திரும்பி அவர் மேசைக்கு வந்து சேர்ந்தது. ஒரு கதவு கூடுதலாக இருந்ததைத் தவிர, ஒன்றும் தொலையவில்லை. டீச்சர் திரும்பி வந்து தாளைப் பார்த்தார். அத்தனை நேரம் அசையாமல் நின்றவர், கையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். சிரிப்பு முடியும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இல்லாத எழுத்தில் யாரும் எழுத்துப்பிழை விட முடியாது,” என்றார் நீதவான்.

தொல்பொருள் அதிகாரி தாளையும் காசையும் பக்கத்தில் வைத்து எழுத்தை ஒப்பிட்டுவிட்டுத் தானாகவே எழுந்தார். இந்தக் காசு பழங்காலத்தது அல்ல என்பதில் தனக்கு இனிச் சந்தேகமில்லை என்று பதிவு செய்யச் சொன்னார். எப்படி இவ்வளவு பழசாக ஆக்கினீர்கள் என்று தனபாலிடம் கேட்டார். உப்பும் தேசிக்காய்ப் புளியும் தடவித் தேயிலைச் செடியடியில் புதைத்து வைத்தோம் என்றான் அவன். அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். எங்களிடம் வேலைக்கு வருகிறாயா என்றுகூடக் கேட்டார். நான் அதையும் மொழிபெயர்த்தேன். தனபால் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டான்.

இந்த வழக்கை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பரீதா டீச்சர் கூண்டில் நின்ற நிலைதான் கண்ணில் வரும். அவர் ஒரு சொல்லைக் குறைத்திருந்தால், நானும் ஒரு சொல்லைக் குறைத்திருந்தால், அந்தக் கேள்விகள் வந்திருக்காது. கேள்விகள் வராவிட்டால் அட்டையும் வீடும் வெளியே வந்திருக்காது. ‘ஊர்’ என்று சொல்லியிருந்தால் எந்த ஊர், எந்த இடம், காட்டுங்கள் என்று கேட்டிருப்பார்கள். காட்ட ஊர் ஏது? உண்மை ஆபத்தாகத் தெரிந்தது, அது பாதியில் நின்றபோதுதான். அவர் அதை முழுவதும் சொன்னார். பயமில்லாமல் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். கூண்டுக் கம்பியைப் பிடித்திருந்த அவருடைய விரல்கள் வெளுத்திருந்தன, நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

மன்றம் கலைந்த பிறகு வெளியே மரத்தடியில் எல்லாரும் நின்றோம். மன்றம் திருப்பித் தந்த காசை ஷாலினி டீச்சர் கையில் வைத்தாள். டீச்சர் அவளுடைய பின்னலை இழுத்து, “ஒரு கதவுக்காகவா என் மானத்தக் கெடுத்தே?” என்றார்.

சார்ஜன் ஜீப்புக்குப் போகிற வழியில் எங்கள் பக்கம் வந்தார். சங்கடமான முகம். தன் மகளும் அந்த வயதுதான் என்று என்னிடம் சொன்னார். பிறகு ஷாலினியைப் பார்த்து, “உங்கள் நாட்டில் பொலிஸ் உண்டா?” என்று சிங்களத்தில் கேட்டார். வேலை நேரம் முடிந்துவிட்டது. இருந்தாலும் மொழிபெயர்த்தேன்.

“இருக்காங்க சேர். அவங்களுக்கு ரெண்டு பாசையும் தெரியும்.”

அதைச் சொன்னேன். சார்ஜன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு என்னைக் காட்டி, “அப்படியென்றால் இந்த மிஸ்ஸுக்கு அங்கே வேலை இல்லையே?” என்றார். அதையும் தமிழில் சொல்ல வேண்டியவள் நான்தான். சொன்னேன்.

ஷாலினி இதை யோசித்திருக்கவில்லை. சட்டென்று என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

“வேல இல்லாட்டி என்னங்க, நீங்க சும்மாவே வந்து இருங்க.”

அத்தனை வருடங்களாக மற்றவர்களுக்குச் சொல்லப்பட்டதையே வாங்கி மற்றவர்களுக்குக் கொடுத்தவள் நான். இது எனக்கென்றே சொல்லப்பட்டது. சார்ஜன் என் முகத்தைப் பார்த்தபடி காத்துக்கொண்டு நின்றார். அவருக்கு அதைச் சிங்களத்தில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.